போன தடவை எழுதிக் கொடுத்த மருந்து

குழந்தை இருக்கும் வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் பாதி தீர்ந்த சிரப் பாட்டில்கள் இரண்டு மூன்றாவது கண்ணில் படும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று. ராத்திரி பதினோரு மணிக்குப் போர்வையெல்லாம் நனையக் குழந்தை வாந்தி எடுக்கும்போது அந்த மூன்றாவது பாட்டிலுக்குத்தான் கை போகிறது. ‘போன தடவை டாக்டர் எழுதிக் கொடுத்ததுதானே, உடனே நின்னுதே’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் டாக்டர் அந்தச் சீட்டை எழுதும்போது மூன்று விஷயங்களைப் பார்த்திருப்பார்: வாந்தி எதனால் வருகிறது, குழந்தையின் எடை என்ன, உடம்பில் நீர் எவ்வளவு வற்றியிருக்கிறது. அந்த மூன்றும் அன்றைய தினத்துக்கு உரியவை. நாள் போய்விட்டது, பாட்டில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வாந்தி மருந்தால் குழந்தைக்குக் கெடுதல் நேரும் வழிகளை எடுத்துப் பார்த்தால், மருந்தின் குணத்தைவிட இந்த மிச்சப் பாட்டிலும் அதன்மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கையும்தான் அதிகம் குறுக்கே வருகின்றன என்பது என் எண்ணம்.

மருந்து என்ன செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். குடலில் கிருமி புகுந்து எரிச்சல் உண்டாகும்போது குடல் சுவரிலுள்ள சில செல்கள் செரடோனின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அது பக்கத்திலுள்ள நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. செய்தி மூளைத்தண்டுக்குப் போய்ச் சேர, வயிற்றுத் தசையும் உதரவிதானமும் சேர்ந்து இறுகி, உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகின்றன. இன்று குழந்தைகளுக்குப் பரவலாக எழுதப்படும் ஒண்டான்செட்ரான், இந்தச் செரடோனின் போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. 1991இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தபோது குழந்தைகளின் வயிற்றுக் கோளாறு யார் மனதிலும் இல்லை. கீமோதெரபி எடுக்கும் புற்றுநோயாளிகளின் வாந்தியை நிறுத்தவே அது வந்தது. குழந்தைகளின் வாந்திபேதிக்கும் அது உதவும் என்பதற்கு உறுதியான சான்று பிறகுதான் கிடைத்தது. 2006இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வில், சிகாகோவின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு வந்த 215 குழந்தைகள் இடம்பெற்றார்கள். மருந்து பெற்றவர்களில் 14 சதவீதம் பேர் மறுபடி வாந்தி எடுத்தார்கள். மருந்தில்லாத மாத்திரை பெற்றவர்களில் 35 சதவீதம். டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தவர்கள் 14 சதவீதம், மற்ற பக்கத்தில் 31 சதவீதம். வாந்தி மருந்துக்கு ஆதரவாக இதைவிடத் தெளிவான கணக்கு கிடைப்பது அரிது.

ஆனால் அந்தக் குழந்தைகள் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்கள். வாந்திபேதி என்று டாக்டர் பரிசோதித்து உறுதி செய்தவர்கள். உடம்பில் ஓரளவு நீர் வற்றிப்போனவர்கள். எடைக்கு ஏற்றபடி அளவு பிரித்து, ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்து, பிறகு ஓ.ஆர்.எஸ். கரைசலைப் புகட்டினார்கள். வாந்தியை அடக்குவதோடு அங்கே வேலை முடியவில்லை. கரைசல் வயிற்றில் தங்குவதற்குக் கொஞ்ச நேரம் வாங்கித் தருவதே மருந்தின் பங்கு. அதே ஆய்வில் மருந்து பெற்ற குழந்தைகளுக்குப் பேதி சற்றுக் கூடியதும் பதிவாகியிருக்கிறது. நீர் வற்றாத குழந்தைகளுக்கு இதே மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பாகிஸ்தானின் அவசரப் பிரிவுகளில் பின்னர் ஆராய்ந்தார்கள். டிரிப்ஸ் தேவைப்படுவதில் மருந்துக்கும் வெறும் மாத்திரைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஒன்றிரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு ஓடி விளையாடும் பிள்ளைக்கு அவசர அவசரமாக சிரப் கொடுப்பதில் பெரிய லாபம் இல்லை என்பதற்கு இது போதும்.

‘போன தடவை’ என்ற நியாயம் முதலில் உடைவது காரணத்தில்தான். வாந்தி ஓர் அடையாளம், பல நோய்களுக்குப் பொதுவான அடையாளம். கெட்டுப்போன சாப்பாடு, ரோட்டா வைரஸ், சிறுநீர்த் தொற்று, குடல்வால் வீக்கம், தலையில் பட்ட அடி, மூளைக்காய்ச்சல், புதிதாகத் தலைகாட்டும் சர்க்கரை நோய் என எல்லாமே முதலில் வாந்தியாகத்தான் வெளிப்படலாம். நம் ஊரில் மழைக்காலத்தில் இன்னொன்றும் உண்டு: டெங்குக் காய்ச்சலில் விடாத வாந்தியை அபாய அறிகுறிகளில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் சிரப் வாந்தியை நிறுத்தினால், டாக்டரிடம் ஓட வேண்டிய காரணம் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். வாந்தி பச்சை நிறமாக வந்தால் குடலில் அடைப்பு இருக்கலாம். பிறந்து சில வாரமே ஆன குழந்தை ஒவ்வொரு முறை பால் குடித்ததும் பீய்ச்சியடித்து வாந்தி எடுத்தால் இரைப்பையின் கீழ்வாய் தடித்துப் போயிருக்கலாம். குழந்தை விட்டுவிட்டு முழங்காலை மடக்கி வீறிட்டு அழுது, மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து வந்தால் குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகியிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் சிரப் ஒன்றும் செய்யாது. போகும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது, அழுதால் கண்ணீர் வராதது, கண் குழிவிழுந்தது, எழுப்பினாலும் துவண்டு விழுவது, கழுத்து விறைப்பு, மூச்சு வேகமாக ஆழ்ந்து வாங்குவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

கைக்குழந்தை பால் கக்குவது இவற்றோடு சேராது. பால் குடித்து, ஏப்பம் விட்டு, வாயோரம் கொஞ்சம் வழியவிட்டுச் சிரிக்கும் குழந்தைக்கு நோய் எதுவும் இல்லை. எடை கூடிக்கொண்டிருந்தால் மருந்தும் தேவையில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் அது தானாகவே நின்றுவிடும். முன்பெல்லாம் இதற்கு உரம் விழுந்ததாகவும் குடல் ஏறியதாகவும் சொல்லித் தட்டிவிட்டார்கள், தொக்கம் எடுத்தார்கள். இப்போது அந்த இடத்துக்குச் சொட்டு மருந்து வந்திருக்கிறது.

அடுத்தது அளவு. பெரியவர்களின் மாத்திரையில் ஓர் எண் இருக்கும், அத்தோடு முடிந்தது. குழந்தையின் மருந்தில் மூன்று எண்கள் உண்டு: கிலோ, மில்லிகிராம், மில்லிலிட்டர். எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்று டாக்டர் கணக்கிடுகிறார். வாங்கிய பாட்டிலின் அடர்த்தியைப் பொறுத்து அது இத்தனை மில்லிலிட்டர் ஆகிறது. பாட்டில் மாறினால் மில்லிலிட்டரும் மாறும். டாம்பெரிடோன் என்ற வாந்தி மருந்தைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் சஸ்பென்ஷனில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் மருந்து; அதே மருந்து சொட்டு மருந்தாக வரும்போது ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். அக்கா பிள்ளைக்கு வாங்கிய சொட்டு மருந்தைத் தம்பி பிள்ளைக்கு ‘போன தடவை சஸ்பென்ஷனில் கொடுத்த அதே அளவு’ என்று ஊற்றினால் பத்து மடங்கு உள்ளே போய்விடும். இந்தத் தவறைச் செய்ய யாரும் அலட்சியக்காரராக இருக்கத் தேவையில்லை. தூக்கக் கலக்கமும் மங்கிய விளக்கும் போதும்.

அளக்கும் கருவியும் லேசுப்பட்டதில்லை. ‘ஒரு ஸ்பூன்’ என்று சீட்டில் எழுதினால் டாக்டர் நினைப்பது 5 மில்லிலிட்டர். நம் சமையலறை ஸ்பூன்கள் அதில் பாதியிலிருந்து ஒன்றரை மடங்கு வரை கொள்ளும். பாயசம் குடிக்கும் கரண்டி இன்னும் கூடக் கொள்ளும். பாலாடையோ வீட்டுக்கு வீடு வேறு. அமெரிக்காவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோரிடம் சிரப்பைக் கொடுத்து ஒன்பது தடவை அளக்கச் சொன்னார்கள். 84 சதவீதம் பேர் ஒரு தடவையாவது தவறாக அளந்தார்கள். பாட்டிலோடு வரும் அளவு மூடியில் ஊற்றியபோது, ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சியதைவிடத் தவறு நேரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் கூடியது. குறைந்த அளவு கொடுக்க வேண்டியிருந்தபோதுதான் மூடி அதிகம் ஏமாற்றியது. மருந்துக் கடையில் கேட்டால் வாய்வழி மருந்துக்கான சிரிஞ்ச் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் உறிஞ்சி, நுனியிலுள்ள காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துக் கோட்டைப் பார்த்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தொண்டைக்கு நேரே பீய்ச்சினால் புரையேறும். கொடுத்த நேரத்தையும் அளவையும் பாட்டிலிலேயே ஒரு துண்டுத் தாள் ஒட்டி எழுதிவிட்டால், அம்மா கொடுத்தது தெரியாமல் பாட்டி இன்னொரு வேளை கொடுப்பதும் நடக்காது.

‘வாந்தி மருந்து’ என்ற ஒரே பேச்சுக்குள் வெவ்வேறு குணமுள்ள மருந்துகள் இருக்கின்றன என்பதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. மெட்டோகுளோப்ரமைடு மூளையில் டோபமைன் வேலை செய்யும் இடத்தை அடைக்கிறது. வாந்தி நிற்கும், ஆனால் சில குழந்தைகளுக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும், கண்மணி மேலே போய் நிலைகுத்தும், நாக்கு வெளியே தள்ளும், தாடை பூட்டிக்கொள்ளும். பார்ப்பவர்கள் வலிப்பு என்பார்கள், காத்து கருப்பு என்று வேப்பிலையைத் தேடுவோரும் உண்டு. குழந்தைக்கோ முழு நினைவு இருக்கும். கூப்பிட்டால் தெரியும், பயத்தில் அழும். ஆஸ்பத்திரியில் உரிய ஊசி போட்டால் விரைவில் தெளிந்துவிடும், கொடுத்த மருந்தின் பெயரைச் சொன்னால்தான். ஐரோப்பிய மருந்து ஆணையம் 2013இலேயே ஒரு வயதுக்குக் கீழே இதைத் தடுத்தது. அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் வேறு வழி பலிக்காதபோது, அதிகபட்சம் ஐந்து நாள் என்று வரம்பு கட்டியது. டாம்பெரிடோன் மூளைக்குள் அவ்வளவாகப் போகாது. ஆனால் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும், எரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளோடு சேரும்போது ஆபத்து கூடும். குழந்தைகளின் வாந்திக்கு அது பலன் தருவதாக ஆய்வில் தெரியவில்லை என்று பிரிட்டன் 2019இல் பன்னிரண்டு வயதுக்குக் கீழே அதன் உபயோகத்தை நீக்கிவிட்டது. புரோமெத்தசின் தூக்கம் வரவழைப்பது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூச்சையே அடக்கி உயிருக்கு ஆபத்தாகியிருக்கிறது என்று அமெரிக்கா 2004இல் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. இவற்றோடு ஒப்பிட்டால் ஒண்டான்செட்ரான் சாது. ஆனாலும் அதுவும் இதயத்தின் மின்னோட்டத்தைத் தொடக்கூடியது. பிறவியிலேயே இதயத் துடிப்புக் கோளாறு உள்ள குழந்தைக்கும், பேதியில் பொட்டாசியம் மிகவும் இறங்கிப்போன குழந்தைக்கும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே பாட்டிலில் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கப் பழகுவது நல்லது.

இதற்கு வரும் எதிர்வாதம் லேசானதில்லை. ராத்திரியில் டாக்டர் எங்கே கிடைப்பார்? கிராமத்திலிருந்து டவுனுக்குப் பஸ் காலையில்தான். குழந்தை துடிப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதா? நியாயமான கேள்வி. ஆனால் மருந்து கொடுக்காமல் இருப்பதும் சும்மா இருப்பதும் ஒன்றில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது பங்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவி, டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகாலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓ.ஆர்.எஸ். நீரை டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். முப்பது சதவீதம் வரை இருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அங்கே வாந்தி எடுத்தவர்கள்தான் நிறைந்திருந்தார்கள். வாந்தி மருந்து எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

‘ஓ.ஆர்.எஸ். கொடுத்தாலும் கக்கிவிடுகிறதே’ என்பார்கள். தாகத்தோடு இருக்கும் குழந்தைக்கு டம்ளர் நிறையக் கொடுத்தால் கக்கத்தான் செய்யும். வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் விட்டுவிட்டு, 5 மில்லிலிட்டர் ஸ்பூனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். மணிக்கு 150 மில்லிலிட்டர் உள்ளே போயிருக்கும். உடம்பில் நீர் வற்றியது தெரியும் 10 கிலோ குழந்தைக்கு நான்கு மணி நேரத்தில் 750 மில்லிலிட்டர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வாந்தி தணிந்ததும் ஸ்பூனைக் கொஞ்சம் வேகப்படுத்தினால் அதை எட்டிவிடலாம். நடுவில் ஒரு தடவை கக்கினாலும் முழுவதும் வெளியே வந்துவிடுவதில்லை. தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. சலிப்பூட்டும் வேலைதான், இரண்டு பேர் மாறி மாறி உட்கார வேண்டும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டைக் குத்துமதிப்பாகப் போட்டால் உப்பு கூடவோ குறையவோ செய்யும். கடையில் அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் வேறு, இது வேறு. அப்படிப்பட்ட பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டதன் பின்னே, ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகளாக விடாமல் நடத்திய போராட்டம் இருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, உப்பு குறைவு. பிரியமாகக் கொடுக்கலாம், ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாக நம்பக் கூடாது.

இன்னொரு எதிர்வாதத்தை நான் மறைக்க விரும்பவில்லை. 2025இல் அதே நியூ இங்கிலாந்து இதழில் வந்த கனடா ஆய்வு, அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போகும் ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளின் பெற்றோர் கையில் ஆறு வேளை மருந்தைக் கொடுத்து அனுப்பியது; பாதிப் பேருக்கு ஒண்டான்செட்ரான், மீதிப் பேருக்கு வெறும் திரவம். அடுத்த ஏழு நாளில் நோய் முற்றியவர்கள் மருந்துப் பக்கம் 5.1 சதவீதம், மற்றப் பக்கம் 12.5 சதவீதம். அப்படியானால் வீட்டில் கொடுக்கலாம் என்றுதானே ஆகிறது? ஆகிறது, எந்த நிலையில் என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது. குழந்தையை அன்று டாக்டர் பார்த்திருக்கிறார், எடை போட்டிருக்கிறார், வாந்திபேதிதான் என்று சொல்லியிருக்கிறார். மருந்தின் உபயோகம் 48 மணி நேரத்துக்குள் முடிகிறது. மூன்று மாதத்துக்கு முன்பு வாங்கிய பாட்டிலுக்கு இந்த ஆய்வு சாட்சி சொல்லாது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இதை வைத்தே கேட்கலாம்: ராத்திரி மறுபடி வந்தால் எத்தனை மில்லி, எத்தனை மணி நேர இடைவெளி, மொத்தம் எத்தனை வேளை, கொடுத்த உடனே கக்கினால் என்ன செய்வது? சிகாகோ ஆய்வில் 15 நிமிடத்துக்குள் கக்கிய குழந்தைக்கு மறுபடி ஒரு வேளை கொடுத்தார்கள். உங்கள் குழந்தைக்கு அது பொருந்துமா என்பதை டாக்டர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. சீட்டே இல்லாமல் மருந்துக் கடையில் வாங்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிவப்புக் கோடு போட்டு வரும் மருந்தைச் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும். கடைக்காரருக்குக் குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்க்க வழி கிடையாது.

மிச்சப் பாட்டில் ஆபத்தாக இல்லாவிட்டாலும் வீணாகப் போகும் இடம் ஒன்றுண்டு: மலைப்பயணம். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. புறப்படும் முன் வீட்டிலுள்ள ஒண்டான்செட்ரானைக் கொடுத்து அழைத்துப் போவோர் உண்டு. பஸ்ஸில் வரும் வாந்தி குடலில் தொடங்குவதில்லை. உள்காது ‘ஆடுகிறோம்’ என்கிறது, இருக்கையைப் பார்க்கும் கண் ‘அசையவில்லை’ என்கிறது. இந்த முரண்பாட்டில் மூளை தடுமாறுகிறது. அங்கே செரடோனினை அடைத்துப் பலனில்லை. அதற்கு டைமென்ஹைட்ரினேட் போன்ற வேறு வகை மருந்து, இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு, டாக்டர் சொன்ன அளவில், கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகக் கொடுக்க வேண்டும். சில குழந்தைகள் அதில் தூங்காமல் நேர்மாறாக முரண்டு பிடிக்கும். இரண்டு வயதுக்குக் கீழே பயண வாந்தி அபூர்வம், மருந்தும் வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிடவிடாமல், போனைக் கையில் கொடுக்காமல், ஜன்னலோரம் உட்காரவைத்துத் தூரத்து மலையைப் பார்க்கச் சொன்னால் பாதிப் பயணம் நிம்மதியாகக் கழியும். மீதிக்கு இரண்டு பிளாஸ்டிக் பையும் ஒரு மாற்றுச் சட்டையும் எடுத்துக்கொள்ளலாம்.